ஆயாம்மாவுக்கும், அன்னைக்கு கூட நின்ன எல்லாருக்கும்

மார்ச் 24 அன்னைக்கு காசநோய் (டிபி) நாள் நாடகத்துல, டிபி நோயாளியா நடிச்ச நான் வசனம் வராம அப்படியே உறைஞ்சு போயிட்டேன். என்ன ஆச்சுன்னு வந்திருந்தவங்களுக்குத் தெரியும், வராதவங்களுக்கும் இதுக்குள்ள சேதி போயிருக்கும், அதனால ஏன் அப்படி ஆச்சுன்னு மறுபடி எழுதல.

நாங்க போட்டது ஃபோரம் தியேட்டர். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970கள்ல வளர்த்தெடுத்த முறை. பாக்குறவங்க "நிறுத்து"ன்னு சொல்லிட்டு மேடைக்கு வந்து, அவதிப்படுற ஆளோட இடத்துல நின்னு கதைய மாத்தலாம். அன்னைக்கு அந்த ஆள் நான், ஓபி கூட்டத்துக்கு நடுவுல "டிபி மாத்திரை யாருக்கு"ன்னு நர்ஸ் கத்துறாங்க, நான் எந்திரிக்கணும். எந்திரிக்க முடியல.

"நிறுத்துங்க"ன்னு ஒரு குரல். பாத்தா வார்டு கழுவுற ஆயாம்மா. விதிப்படி என் இடத்துக்குத்தான் வரணும், அவங்க யார் இடத்துக்கும் வரல, ஆயாவாவே வந்தாங்க, பக்கத்துல ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "ஒண்ணுக்கு செவப்பா போகுதுன்னு பயந்துட்டியா கண்ணு? அது மாத்திரையோட சாயம், ரத்தம் இல்ல. கக்கூஸ் கழுவுறவளுக்குத் தெரியாதா, தண்ணி ஊத்தி ஊத்தி மறைக்கிறவங்கள எத்தன பேர பாத்திருக்கேன்"னாங்க. மைக் பக்கத்துல இருந்ததால எல்லாருக்கும் கேட்டுருச்சு, அது வேற விஷயம். அது ஸ்கிரிப்ட்லயே இல்ல. ஆனா நான் மாத்திரை சாப்பிட்ட ஆறு மாசமும் யாராவது அத சொல்ல மாட்டாங்களான்னுதான் இருந்துச்சு, டாக்டர் கேக்கல, நானும் வெக்கத்துல வாயத் திறக்கல.

அதுக்கப்புறம்தான் கூட்டத்துல ஒவ்வொருத்தரா பேச ஆரம்பிச்சாங்க. வீட்ல தனித்தட்டு வெச்சாங்கன்னு ஒரு அக்கா (தட்டுல டிபி பரவாது, இத இன்னும் எத்தன தடவ சொல்லணுமோ), சத்துணவுக்கு மாசத்துக்கு 1000 ரூபாய்னு அரசு தர்ற பணமே வேணாம்னுட்டேன், மெசேஜ் வந்தா மாமியார் பாத்துருவாங்கன்னு இன்னொரு பொண்ணு.

பறை அடிச்ச காலேஜ் பசங்க, மைக் செட் அண்ணன், டீ வாங்கித் தந்தவங்க, பர்மிஷனுக்கு நாயா அலைஞ்ச சிஸ்டர், எனக்காக கத்துற நர்ஸா நடிச்சு திட்டு வாங்கின தோழி, எல்லாருக்கும் நன்றி.

நான் நடிக்கிறத நிறுத்தப் போறதில்ல. அடுத்த ஷோவுல ஆயா பாத்திரம் உண்டு, நடிக்கப் போறதும் ஆயாம்மாதான். அன்னைக்கு டூட்டி மாத்திக் குடுங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டிருக்கோம், இன்னும் பதில் வரல.