1956-ஐ ஒருமுறை நிதானமாகப் படி

அன்புள்ள மகளுக்கு,

சர்வதேச உறவுகள் படிக்கப் போன நீ, "பலமுள்ளவன் வைத்ததுதான் சட்டம், ஐ.நா. வெறும் பேச்சு மேடை" என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து மனசே சரியில்லை. வேறு எதுவும் வேண்டாம், 1956-ஐ மட்டும் நிதானமாகப் படித்துப் பார்.

சூயஸ் கால்வாயை எகிப்து நாட்டுடைமையாக்கிய மூன்றே மாதத்தில் இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் அதன்மேல் பாய்ந்தன. விஷயம் பாதுகாப்புச் சபைக்கு வந்ததும் பிரிட்டனும் பிரான்ஸும் வீட்டோ (தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம்) போட்டன. சரி, இனி என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பாதுகாப்புச் சபை முடங்கினால் பொதுச் சபையின் அவசரக் கூட்டத்தைக் கூட்டலாம் என்று 1950-லேயே ஒரு தீர்மானம் இருந்தது. அப்படிக் கூட்டுவது நடைமுறை முடிவு மட்டுமே. அதில் வீட்டோ செல்லாது! பாதுகாப்புச் சபையில் எதிர்த்து இரண்டு ஓட்டு, ஆதரித்து ஏழு. பொதுச் சபை கூடியது. கனடாவின் வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன் சொன்ன யோசனையின்படி, சண்டை நிறுத்தத்தைக் கண்காணிக்க ஐ.நா. அவசரப் படை உருவானது. டிசம்பருக்குள் பிரிட்டனும் பிரான்ஸும் கிளம்பிவிட்டன.

பவுண்டு ஆட்டம் கண்டபோது அமெரிக்கா கைகொடுக்க மறுத்ததால்தானே பிரிட்டன் பணிந்தது என்று கேட்பாய். உண்மைதான். நெருக்க யாரும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே ஆண்டு காட்டியது: நவம்பர் 4-ல் மக்கள் எழுச்சியை நசுக்க சோவியத் டாங்கிகள் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்குள் புகுந்தன. ஹங்கேரிக்காகவும் பொதுச் சபை அவசரமாகக் கூடியது, தீர்மானமும் போட்டது. மாஸ்கோ அசையவில்லை, அதை நெருக்கவும் யாரும் துணியவில்லை. அந்த மக்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஆனாலும் சூயஸில் அமெரிக்காவின் நெருக்கடி மட்டும் போதுமாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. தோற்று ஓடினார்கள் என்ற பெயர் வராமல் வெளியேற அவர்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. "பொறுப்பை ஐ.நா. படையிடம் விட்டுவிட்டுப் போகிறோம்" என்று சொந்த நாட்டு மக்களிடம் சொல்ல முடிந்தது. அந்த வழியை எந்த வல்லரசும் தனியாகக் கொடுத்திருக்க முடியாது. பேச்சு மேடை என்கிறாயே, இது அந்த மேடையில்தான் பிறந்தது.

அப்புறம், உன் ஆய்வுக்கு ஒரு கேள்வி. 1967-ல் எகிப்து போகச் சொன்னதும் அங்கே நின்ற அந்த ஐ.நா. படை விலகியது; சில வாரங்களில் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. நாட்டின் சம்மதத்தோடுதான் படை நிற்க வேண்டும் என்ற விதி சரி என்றே எனக்குப் படுகிறது. நீ மறுப்பாய் என்று தெரியும். எப்படி மறுக்கிறாய் என்று விரிவாக எழுது.

அன்புடன்,
அப்பா