அசைவு குறைந்தால் தரம் குறையுமா?

ஆசிரியருக்கு,

அசைவு குறைவு என்பதற்காக ஜப்பானிய அனிமேஷனை அமெரிக்க கார்ட்டூனுக்குக் கீழே வைப்பது நியாயமல்ல. திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகின்றன. டிஸ்னி மரபில் அதற்கு 12 முதல் 24 படங்கள் வரைந்தார்கள். 1963-இல் ஜப்பானியப் படைப்பாளி ஒசாமு தெசுகா ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சித் தொடரில் ஒரே படத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தி, நொடிக்கு 8 படங்களில் முடித்தார். பணமும் நேரமும் போதாததே முதல் காரணம். ஆனாலும் மங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு உறைந்த முகமும் வேகக் கோடுகளும் பழகிய மொழி. சிக்கனம் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே கார்ட்டூன் பாத்திரமான யோகி கரடியின் கழுத்துப்பட்டை, தலையை மட்டும் மாற்றி வரையும்போது இணைப்பை மறைக்கத்தான்!

குரலில்தான் பெரிய வேறுபாடு. அமெரிக்காவில் குரலை முதலில் பதிந்து, அதற்கேற்ப உதடுகளை வரைவார்கள். எனவே தமிழ் டப்பிங்கில் உதடு மூடி ஒலிக்கும் ‘ப’, ‘ம’ இடம் மாறினால் பளிச்சென்று தெரியும். ஜப்பானில் பெரும்பாலும் படம் முதலில், குரல் பிறகு. மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என மூன்று வாய்களே பல தொடர்களுக்குப் போதும். வசன நீளம் பொருந்தினால் சரி. ஆனால் வேண்டுமென்றே விடப்பட்ட மௌனங்களை டப்பிங்கில் வசனத்தாலும் இசையாலும் அடைத்துவிட்டால் காட்சியே கெடும். அந்த நொடிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

– ஒரு வாசகர்