செயலாளர் அறிக்கை 2024–2025: குளிர்காலப் பயிற்சியும் சில மனக்குறைகளும்

நமது நீச்சல்-சைக்கிள்-ஓட்டச் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், இந்தக் குளிரிலும் ரொறன்ரோவின் ஸ்காபுரோ வரை வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாக சபை மாதம் ஒருமுறை கூடியது. டிசம்பரில் மட்டும் ஆட்கள் போதாமல் கலைந்தது. பொங்கல் விழா நடந்தது. சைக்கிள் சங்கிலி மாற்றும் பட்டறை நடந்தது. யூலை ஒன்றுகூடலில் கொத்துரொட்டி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஓகஸ்டில் கியூபெக்கின் மொன் ட்ராம்பிளானில் 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம் என்ற முழுத்தூரப் போட்டிக்கு நம்மவர்கள் போனார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் முடித்தார்கள். அந்த ஒருவர் மே மாதத்தில்தான் முதல் தடவையாகப் பயிற்சிக்கு வந்தவர். யாரும் கேட்கவில்லை என்றாலும் பதிவு செய்து வைக்கிறேன்.

இனி இந்த வருடத்தின் முக்கிய வேலைக்கு, அதாவது போட்டிப் பருவத்துக்கு முன் மெதுவாக உடலுறுதியைக் கட்டும் குளிர்கால அடித்தளப் பயிற்சிக்கு வருகிறேன். இதை நான் முன்மொழிந்தபோது “செயலாளரின் ஆமை ஓட்டம்” என்று வட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது, நானும் கோபிக்கவில்லை. ஆனால் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

ஓகஸ்ட் போட்டி முடிந்து ஒக்ரோபர் முழுக்க ஓய்வெடுத்துவிட்டு வருகிறவருக்கு, பழைய வேகத்தில் ஓடினாலே இதயத் துடிப்பு எகிறும். இரண்டு கிழமை சும்மா இருந்தாலே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்கிவிடும் என்பது காரணங்களில் ஒன்று. இதைப் பார்த்துப் பயந்து சிலர் நின்றுவிடுகிறார்கள். வேறு சிலர் ரோசத்தில் முதல் கிழமையிலேயே பாய்ந்து ஓடுகிறார்கள். மூச்சு ஒரு மாதத்தில் திரும்பிவிடும்; தசைநார்கள் அவ்வளவு விரைவில் தயாராகாது. ஜனவரியில் குதிக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இந்த இரண்டாவது வகை.

அதனால்தான் மெதுவாக, ஒரு முழு வசனத்தைத் திக்காமல் கதைக்கக்கூடிய வேகத்தில், நீண்ட நேரம் என்று திட்டம் போட்டேன். கணக்கு வேண்டியவர்களுக்கு 180இல் வயதைக் கழிக்கச் சொன்னேன். 45 வயதுக்காரர் பயிற்சியில் நிமிடத்துக்கு 135 துடிப்பைத் தாண்டக்கூடாது. இது அமெரிக்கப் பயிற்சியாளர் ஃபில் மாஃபெட்டோன் சொன்ன குத்துமதிப்பு, வேதவாக்கு இல்லை. உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து சுமார் 2000 கலோரிக்குத்தான் காணும். 180 கிலோமீற்றர் சைக்கிளுக்குப் பிறகும் ஒரு மரதன் இருக்கிறது. கொழுப்பை எரிக்கப் பழகாத உடம்பு அங்கே உட்கார்ந்துவிடும்; அந்தப் பழக்கம் மெதுவான நீண்ட பயிற்சியில்தான் வரும்.

மெதுவாக ஓடினால் மெதுவாகத்தான் ஓடுவாய் என்று ஒரு தம்பி எதிர்வாதம் செய்தார். அவருக்கு நான் சொன்ன பதில் இது: நியூசிலாந்தின் பீற்றர் ஸ்னெல் 800 மீற்றர் ஓடியவர். பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் அவரையும் மலைப்பாதையில் 22 மைல் ஓடவிட்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீற்றரில் தங்கம் வென்றார். அதே நாளில் லிடியார்டின் இன்னொரு மாணவர் மறே ஹால்பெர்க் 5000 மீற்றரில் தங்கம் வென்றார். அந்தத் தம்பிக்கு இதைச் சொன்ன பிறகு அவர் பயிற்சிக்கு வரவில்லை.

நடைமுறைச் சிக்கல்களும் இருந்தன. டிசம்பரில் இங்கே எட்டு மணி ஆகும்போதுதான் விடிகிறது. மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடுகிறது. சாலையில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். ஆகவே நீச்சலுக்கு, 2015 பான் அமெரிக்க விளையாட்டுக்காகக் கட்டிய நீச்சல் நிலையத்தின் 50 மீற்றர் தடாகத்தைப் பயன்படுத்தினோம். சைக்கிளுக்கு ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, வண்டிகளை, இருந்த இடத்திலேயே மிதிக்க உதவும் நிலைச்சட்டத்தில் பூட்டி மிதித்தோம். தரையில் வியர்வை சிந்துகிறது என்று மண்டபக்காரர் நம்மை ஜனவரி நடுவில் வெளியேற்றினார். பாய் விரித்தோம், துடைத்தோம், படமும் அனுப்பினோம், பலனில்லை. அப்புறம் பொருளாளரின் பேஸ்மென்ட்தான் கைகொடுத்தது. அவர் துணைவியாரின் பருப்பு வடையால் எரித்த கொழுப்பெல்லாம் திரும்பி வந்தது என்பது வேறு கதை.

இடம் இருந்தது, மின்விசிறி இருந்தது, ஆட்கள்தான் இல்லை. நவம்பர் முதல் கிழமையில் நிற்க இடமில்லை. மாசியில் நானும் பொருளாளரும் இன்னும் ஒரு சிலரும் சுவரைப் பார்த்து மிதித்துக்கொண்டிருந்தோம். சனி காலை வெள்ளென எழும்புவது கஷ்டம்தான், தெரியும். ஆனால் “வருகிறேன்” என்று வட்ஸ்அப்பில் கட்டைவிரல் அடையாளம் போட்டுவிட்டு வராமல் விடுவது எந்த ஊர் வழக்கம்? வந்தவர்களிலும் சிலர் பக்கத்து வண்டியின் வேகம் காட்டும் திரையை எட்டிப் பார்த்துப் போட்டி போட்டார்கள். அவர்களுக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன்.

கணக்கு விபரம்: சென்ற ஆண்டு மிச்சத்தோடு சந்தாவும் ஒன்றுகூடல் வரவும் சேர்ந்து, செலவு போக, கையில் கொஞ்சம் இருக்கிறது. மண்டப முற்பணத்தில் ஒரு பகுதி இன்னும் திரும்பவில்லை. விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கிக்காரரின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று நிர்வாக சபை தீர்மானித்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை என்பதும் பதிவில் இருக்கிறது.

தலைவருக்கும், பட்டறைக்குக் கருவிகள் தந்த அண்ணைக்கும், பொங்கல் பொறுப்பாளர்களுக்கும், பொருளாளர் குடும்பத்துக்கும் நன்றி.

வரும் குளிர்காலப் பயிற்சி நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். பேஸ்மென்ட்டை எப்போதும் கேட்க முடியாது. மண்டபம் எடுப்பதென்றால் காசு வேண்டும், காசு சந்தாவில்தான் இருக்கிறது. பாவிக்காத நிலைச்சட்டங்கள் பல வீட்டுக் கராஜ்களில் தூங்குகின்றன என்றும் அறிகிறேன். செயலாளர் பதவியை வேறு யாராவது ஏற்க விரும்பினால் எனக்கு ஆட்சேபனை கிடையாது. விண்ணப்பப் படிவங்கள் என்னிடம் இருக்கின்றன, போன வருடம் அச்சடித்த கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்