ஹரோவிலிருந்து அப்பாவுக்கு

ஹரோ, லண்டன்
16 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. தொலைபேசியில் கதைத்தால் பாதிதான் காதில் விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே இனி எல்லாவற்றையும் எழுதியே அனுப்புகிறேன். பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் என்னதான் நடக்கிறது, பெற்றோரை எதற்காக இத்தனை தடவை கூப்பிடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வாழ்நாளில் பாதியை ஆரம்பப் பள்ளி அதிபராகக் கழித்த உங்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு எதுவும் என்னிடம் இல்லை என்பதால், இந்தக் கடிதத்தில் அதையே விரிவாக எழுத நினைக்கிறேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை பின்னேரமும் பள்ளியிலிருந்து மின்னஞ்சலில் ஒரு செய்தி மடல் வரும். அடுத்த வாரம் எந்த நாளில் எந்த உடுப்பு, எந்த வகுப்பு எங்கே சுற்றுலா போகிறது, எதற்கு ஒரு பவுண் கொடுத்தனுப்ப வேண்டும், ஆசிரியரைச் சந்திக்கும் பத்து நிமிடம் எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். அம்மா காலையில் எழுந்ததும் பஞ்சாங்கக் கலண்டரைப் பார்ப்பதுபோல நான் இதைத்தான் பார்க்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் எந்தக் காரியத்துக்கும் நாள் குறிப்பது இப்போது இந்தத் தாள்தான்.

கடந்த வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டி வருத்துவதற்கு எதிராக நவம்பரில் ஒரு வாரத்தை நாடு முழுவதும் பள்ளிகள் ஒதுக்குகின்றன. அந்த வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகள் இரண்டு காலிலும் வெவ்வேறு நிறக் காலுறை அணிந்து போக வேண்டும்; எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்பதை உணர்த்துவதற்காம். பெரியவன் ஒரு காலில் பச்சையும் மறுகாலில் சிவப்பும் போட்டுக்கொண்டு போனதை நீங்கள் பார்த்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பீர்கள். வெள்ளிக்கிழமை, துன்பப்படும் பிள்ளைகளுக்காகப் பி.பி.சி. தொலைக்காட்சி ஆண்டுதோறும் நிதி திரட்டும் நாள். அதன் சின்னம் ஒரு கண்ணில் புள்ளித் துணி கட்டிய மஞ்சள் கரடி. அன்று பள்ளிச் சீருடை இல்லை. புள்ளி போட்ட உடுப்பும் ஆளுக்கொரு பவுணும். சின்னவளின் வெள்ளைச் சட்டையில் நான் இரவிரவாக வர்ணக் கடுதாசிப் பொட்டுகள் ஒட்டிக் கொடுத்தேன்.

ஒக்டோபர் தொடக்கத்தில் அறுவடைத் திருநாள் வந்தது. வயலும் கதிரும் யாரும் கண்ணால் காணாத இந்தப் புறநகரில் பிள்ளைகள் அறுவடைப் பாட்டுப் பாடுகிறார்கள். ஆளாளுக்கு ஒரு தகரப் பேணிச் சாமான் கொண்டுபோய் மண்டப மேடையில் அடுக்குகிறார்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேணி கடலை கொண்டுபோனார்கள். அவ்வளவும் அருகிலுள்ள உணவு வங்கிக்குப் போகும்; வருமானம் போதாத குடும்பங்கள் அங்கே வந்து ஒரு வாரச் சாமான் வாங்கிச் செல்லலாம். அங்கே தொண்டு செய்யும் பெண்கள் மிகவும் கனிவானவர்கள், ஒருவரையும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. தீபாவளிக்கும் பள்ளியில் காலைக் கூட்டம் வைத்தார்கள், எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் விளக்குப் பாட்டுக்கு ஆடினார்கள்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கிலாந்தில் 2014 இலிருந்து முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு மதிய உணவு இலவசம். லண்டனில் 2023 செப்டெம்பரிலிருந்து அரசு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்குமே நகர மேயர் அதை இலவசமாக்கியிருக்கிறார். தோலோடு வேகவைத்த பெரிய உருளைக்கிழங்கைப் பிளந்து, அதற்குள் தக்காளிக் குழம்பில் ஊறிய அவரை விதையும் துருவிய சீஸும் போட்டுக் கொடுப்பார்கள். சின்னவளுக்கு அது உயிர். வீட்டுக்கு வந்தும் புட்டுக்கு அந்த அவரை விதையைத்தான் கேட்கிறாள். சம்பலைத் தள்ளி வைக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில்தான் எனக்குச் சங்கடம். நமக்கு அது மரக்கறி நாள், இந்த நாட்டுப் பள்ளிகளுக்கோ அது மீனும் பொரித்த கிழங்கும் போடும் நாள். வகுப்பு முழுவதும் மீன் சாப்பிடும்போது பெரியவன் மட்டும் மரக்கறித் தட்டை எடுத்துக்கொள்கிறான். நான் அவனை வற்புறுத்தவில்லை, அப்பா. அம்மப்பாவும் வெள்ளிக்கிழமை சாப்பிட மாட்டார்தானே என்று ஒரு நாள் தானாகவே கேட்டான்.

படிப்பைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இப்போது வருகிறேன். பெரியவன் நான்காம் ஆண்டில் இருப்பதால் வருகிற ஜூன் மாதம் அவனுக்குப் பெருக்கல் வாய்பாட்டுச் சோதனை இருக்கிறது. கணினித் திரையில் இருபத்தைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் விடையளிக்க ஆறே விநாடி, பன்னிரண்டாம் வாய்பாடு வரை. அதில் தேர்ச்சி, தோல்வி என்று எதுவும் கிடையாது. எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்று பள்ளி அறிந்துகொள்வதற்கு மட்டும்தான். நம் ஊரில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளைகள் படும் பாட்டை நினைத்தால் இது எவ்வளவோ மேல் என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் நீங்கள் எங்களுக்குப் பதினாறாம் வாய்பாடு வரை பாடமாக்கியது வீண் போகவில்லை. காலையில் பள்ளிக்கு நடக்கும் வழியில் அதே ராகத்தில் நானும் அவனும் சொல்லிக்கொண்டே போகிறோம். தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் சில இந்த வயதிலேயே பிள்ளைகளை, பரீட்சை வைத்துத் தெரிந்தெடுக்கும் பள்ளிகளில் பதினொரு வயதில் சேர்வதற்கான நுழைவுப் பரீட்சைக்குத் தனி வகுப்புக்கு அனுப்பத் தொடங்கிவிட்டன. நாங்கள் இப்போதைக்கு அனுப்பவில்லை. பிள்ளை கொஞ்சம் விளையாடட்டும்.

சின்னவள் செப்டெம்பரில்தான், முதலாம் ஆண்டுக்கு முந்திய ரிசெப்ஷன் வகுப்பில் சேர்ந்தாள். எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுக்காமல் அதன் ஒலியை முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அடுத்த வகுப்பில் ஆசிரியர் முன்னால் நாற்பது சொற்களை அவள் வாசித்துக் காட்ட வேண்டும். அவற்றில் பாதி உண்மையான சொற்கள், மற்றப் பாதி பொருளே இல்லாமல் புனைந்தவை. மனப்பாடத்தால் தப்ப முடியாது, ஒலிகளைக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்களாம். இதை எழுதும்போதே உங்கள் முகம் எனக்குத் தெரிகிறது. நீங்கள் இதைப் பற்றி நாலு பக்கம் பதில் எழுதுவீர்கள்.

இனி வரப்போகிறவை. டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பெற்றோர் சங்கத்தின் நத்தார்ச் சந்தை. அதற்கு முந்திய வாரம் ஒரு நாள் சீருடை இல்லாமல் வரலாம், பதிலுக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு போத்தல் கொண்டுவர வேண்டும். பழரசம், சோஸ், சவர்க்காரத் திரவம், எதுவானாலும் சரி. சந்தையன்று அந்தப் போத்தல்களை இலக்கம் ஒட்டி அடுக்குவார்கள், பூச்சியத்திலோ ஐந்திலோ முடியும் சீட்டை எடுப்பவருக்கு ஒன்று கிடைக்கும். இந்த மேசையைப் பல ஆண்டுகளாக நடத்துபவர் எங்கள் பக்கத்து வீட்டு அயர்லாந்து அம்மையார்தான். இதே பள்ளியில் மதிய உணவு பரிமாறி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. உறைபனி விழுந்த முதல் காலையில் தம் வாசலில் நின்று, தெருவால் போகும் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் தொப்பி இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாவிட்டால் உள்ளே போய்த் தாம் பின்னிய கம்பளித் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிடுவார். திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டார். எங்கள் வீட்டில் மட்டும் இப்போது ஐந்து தொப்பி சேர்ந்திருக்கிறது. அந்தச் சந்தையில் பழைய சீருடைகளும் விற்பார்கள். ஒரு பவுணுக்கு நல்ல கம்பளிச் சட்டை கிடைக்கும். வளர்கிற பிள்ளைகளுக்குப் புதிது வாங்குவது வீண் என்பதால் நாங்கள் எல்லாவற்றையும் அங்கேதான் எடுக்கிறோம்.

சந்தைக்கு அடுத்த வாரம் யேசு பிறப்பு நாடகம். எங்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் மிகப் பலர் சைவர்கள், குஜராத்தி இந்துக்கள், முஸ்லிம்கள். இந்த ஆண்டு மரியாளாக ஒரு குஜராத்திப் பெண்பிள்ளையும் யோசேப்பாக ஒரு சோமாலியப் பையனும் நடிக்கிறார்கள், சின்னவள் ஆட்டுக்குட்டி. ஒரே ஒரு வரிதான் பேச வேண்டும், அதையும் குளியலறையில் உரக்கச் சொல்லிப் பழகுகிறாள். குடும்பத்துக்கு இரண்டு சீட்டு மட்டுமே தருவார்கள். இவருக்கு இப்போது இரவு வேலையும் சேர்ந்திருக்கிறது, பகலில் பிள்ளைகளோடு இருக்கலாம் என்று அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டதுதான். ஆகையால் காலைக் காட்சிக்கு இருவருமே போகலாம்.

குளிர் தொடங்கிவிட்டது. நாலு மணிக்கே இருட்டிவிடுவதால் பள்ளி விட்டு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் இரவு போலாகிவிடுகிறது. பின்னேரங்களில் நாங்கள் எல்லாரும் ஒரே அறையில் இருந்துகொள்கிறோம், அதுதான் கதகதப்பாக இருக்கிறது.

இன்னொரு செய்தியும் மடலில் வந்தது. பிப்ரவரி இடைவிடுமுறைக்கு முந்திய வாரம் ரிசெப்ஷன் வகுப்புப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிமாரைப் பள்ளிக்குத் தேநீருக்கு அழைக்கிறார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று நிரப்பிக் கொடுக்க ஒரு தாளும் வந்தது. நான் அதை எடுத்துப் பார்க்கும் முன்பே சின்னவள் அந்தக் கோட்டின் மேல் வேட்டி கட்டிய ஒருவரையும் சேலை உடுத்த ஒருவரையும் கீறி வைத்திருந்தாள். அந்தத் தாளை இன்னும் கொடுக்கவில்லை, அப்பா. பக்கத்து வீட்டு அம்மையார் தாம் வருவதாகச் சொல்லியிருக்கிறார், நல்ல மனம்தான். ஆனால் நீங்கள் பள்ளியால் வந்து சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து வெண்கட்டித் துண்டை எடுத்து எனக்குத் தருவீர்களே, கிணற்றடிச் சீமெந்தில் நான் அதனால் எழுதுவேனே, அப்படி ஒரு பின்னேரம் என் பிள்ளைகளுக்கு ஒன்றாவது வேண்டும். அன்றிரவு நான் சமைக்கவில்லை. பாணும் முட்டையும் கொடுத்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தேன்.

ஆகவேதான் தங்கச்சியின் கலியாண நாளைப் பற்றி அவசரமாக எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் வைகாசியில் வைக்கலாம் என்று கேட்டதாகப் பெரியம்மா சொன்னார். வைகாசி என்றால் எங்களால் குடும்பமாக வர இயலாது. இங்கே பள்ளி நடக்கும் நாட்களில் தகுந்த காரணமின்றி, அதிபரின் அனுமதியும் இல்லாமல், பத்துப் பள்ளி வாரங்களுக்குள் ஐந்து நாள் பிள்ளையை நிறுத்தினால் 2024 ஓகஸ்ட் முதல் எண்பது பவுண் தண்டம் விதிக்கிறார்கள். இருபத்தொரு நாளுக்குள் கட்டாவிட்டால் அது நூற்று அறுபதாகும். அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும், தாய்க்கு வேறு, தந்தைக்கு வேறு. சின்னவளுக்கும் ஐப்பசியில் ஐந்து வயது முடிந்துவிட்டதால் தை முதல் அவளும் அந்தக் கணக்குக்குள் வருகிறாள். இரண்டு பிள்ளைகள், பெற்றோர் இருவர் என்று எங்களுக்கு முந்நூற்று இருபது பவுண். சிறப்பு அனுமதி கேட்கலாம், ஆனால் அது அரிதாகவே கிடைக்கும்.

பள்ளி விடுமுறைகளையும் நம் மாதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நத்தார் விடுமுறை முழுவதும் மார்கழியில் போகிறது. ஈஸ்டர் விடுமுறையில் பங்குனியை அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். கோடை விடுமுறை ஜூலை பிற்பகுதியில் தொடங்கினாலும் ஓகஸ்ட் நடுப்பகுதி வரை ஆடி. ஆவணி பிறந்து, இங்கே செப்டெம்பர் தொடக்கத்தில் பள்ளி திறக்கும் வரையுள்ள அந்த இரண்டு வாரம்தான் எங்களுக்கு வாய்ப்பு. அந்த நாட்களில் வளர்பிறையும் வருகிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாக் கொடி எப்போது ஏறுகிறது என்பதையும் சேர்த்து ஐயரிடம் காட்டி, அதற்குள் ஒரு முகூர்த்தம் பார்த்துத் தரும்படி கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் சித்தப்பாவைக் கொண்டு கதைப்பது நல்லது, அவர் சொன்னால் அத்தை கேட்பார். விமானச் சீட்டு ஓகஸ்டில் சற்றுக் கூடுதலாக இருக்கும், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்; அதை எண்ணி நாளை மாற்ற வேண்டாம். இவருக்கு விடுப்புக் கிடைக்காவிட்டாலும் நானும் பிள்ளைகளும் கட்டாயம் வருவோம்.

கூரை ஓட்டுக்கான மிச்சப் பணத்தைத் தை மாதம் ஒரேயடியாக அனுப்புகிறேன். ஓடு போடுகிறவரிடம் அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். தென்னங்காணி உறுதியை அண்ணா கேட்டால் மூலப் பிரதியைக் கொடுக்க வேண்டாம், நகல் போதும். அம்மாவின் நீரிழிவு மாத்திரை எது, எத்தனை மில்லிகிராம் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். முகூர்த்த நாள் முடிவானவுடன் மட்டும் கடிதத்துக்குக் காத்திராமல் தங்கச்சியை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், சீட்டு விலை ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்