நாற்பது ரூபாய் பேட்டரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் எங்கள் பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்று வந்து நின்றது; கம்ப்யூட்டர் சேமித்து வைத்த அமைப்புகள் பிழையாகிவிட்டன என்று பொருளாம். எஃப்1 அழுத்தி உள்ளே போனால் தேதி 2014 ஜனவரி 1. மின்கட்டணம் கட்டப் போனால் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்றது. கடையில், உள்ளே இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டே காலி, 6,500 ரூபாய் ஆகும் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பிழை வரியைத் தாளில் எழுதி, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனிடம் காட்டினேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காசு மாதிரி இருந்த 2032 பேட்டரியை மாற்றினான். நாற்பது ரூபாய்தான்! கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது அதன் உள்ளே இருக்கும் கடிகாரம் அந்த 3 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுமாம். தேதி தவறினால் இணையதளங்கள் காட்டும் அடையாளச் சான்றிதழை பிரவுசர் ஏற்காதாம்.

வாரம் ஒரு பிழைச் செய்தியையாவது உங்கள் நாளிதழில் தமிழில் விளக்குங்கள், ஐயா.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவாரூர்