ஆர்னால்ட் வெறும் பணத்துக்காகவா போனார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்ட் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம்மூரில் எட்டப்பன் என்ற பெயர் எப்படியோ, அங்கே அவர் பெயர் அப்படி. கட்டுரையாளர் காரணத்தை இரண்டே வரியில் முடித்துவிட்டார். கடன் கழுத்தை நெரித்தது, இளம் மனைவிக்கு ஆடம்பரம் தேவைப்பட்டது, அதனால் பிரிட்டிஷாரிடம் விலை போனார், அவ்வளவுதான். எனக்கு மனசு ஆறவில்லை. நான் ராணுவத்தில் 20 வருடம் கிளார்க்காக இருந்தவன். பிரமோஷன் ஃபைல்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். தனக்குக் கீழே இருந்தவர் தன்னைத் தாண்டி மேலே போய்விட்டார் என்று தெரிந்த அன்று ஒரு அதிகாரியின் முகம் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த மனிதர் செய்ததைச் சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரையில் அது ஒரு பத்திகூட இல்லை. கனெக்டிகட்டில் மருந்துக்கடையும் கப்பல் வியாபாரமும் வைத்திருந்தவர், 1775-இல் பிரிட்டிஷாரை எதிர்த்து அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியதும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அந்த வருடம் செப்டம்பரில் சுமார் 1,100 பேரோடு மெய்ன் காட்டு வழியாகக் கனடாவின் கியூபெக்கை நோக்கி நடந்தார். படகுகள் ஒழுகின, மாவு நனைந்து கெட்டது, ஒரு பிரிவு பாதியிலேயே திரும்பிப் போய்விட்டது. மிச்சம் இருந்தவர்கள் நாயைத் தின்றார்கள், செருப்புத் தோலை வேகவைத்துத் தின்றார்கள். நவம்பரில் போய்ச் சேர்ந்தவர்கள் 600 பேர் இருந்தால் அதிகம். டிசம்பர் 31-ஆம் தேதி பனிப்புயலில் கோட்டையைத் தாக்கியபோது ஆர்னால்டின் இடது காலில் குண்டு பாய்ந்தது. இந்தக் காலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அக்டோபரில் சாம்ப்ளேன் ஏரியில், அவசர அவசரமாகக் கட்டிய படகுகளை வைத்துப் பிரிட்டிஷ் கடற்படையை எதிர்த்தார். தோற்றார், ஆனால் பிரிட்டிஷாரின் படையெடுப்பு ஒரு வருடம் தள்ளிப்போனது.

இவ்வளவுக்கும் பிறகு 1777 பிப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் ஐந்து பேரை மேஜர் ஜெனரல் ஆக்கியது. ஐந்து பேருமே ஆர்னால்டுக்கு ஜூனியர். கனெக்டிகட் மாநிலத்துக்கு ஏற்கெனவே இரண்டு மேஜர் ஜெனரல்கள் இருக்கிறார்கள், மூன்றாவது கிடையாது என்பது காரணம். படைகளின் தலைமைத் தளபதி வாஷிங்டனிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதவி, சீனியாரிட்டி என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு ஏதோ கௌரவப் பிரச்சினை போலத் தெரியும். சீருடை போட்டவனுக்கு அது அப்படி இல்லை. நேற்று வரை தனக்கு சல்யூட் அடித்தவருக்கு இன்று இவர் கை தூக்க வேண்டும். அதுவும் எல்லோர் கண் முன்னாலும், தினமும்.

இரண்டு மாதம் கழித்து ரிட்ஜ்ஃபீல்டு சண்டையில் அவர் காட்டிய துணிச்சலைப் பார்த்துப் பதவியைக் கொடுத்தார்கள், ஆனால் சீனியாரிட்டியைக் கொடுக்கவில்லை. அதே வருடம் சரடோகா போர். தலைமை வகித்த கேட்ஸுக்கும் இவருக்கும் சண்டை முற்றி, கேட்ஸ் இவரைப் படைப் பொறுப்பிலிருந்தே நீக்கிவிட்டார். அக்டோபர் 7-ஆம் தேதி துப்பாக்கிச் சத்தம் கேட்டதும், உத்தரவே இல்லாமல் குதிரையில் பாய்ந்து போய் முன்னால் நின்று எதிரியின் அரணைப் பிடித்தார். அங்கேயும் குண்டு பட்டது, அதே இடது கால். வெட்டி எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது அந்தக் கால் இரண்டு அங்குலம் குட்டையாகியிருந்தது. அந்த வெற்றிதான் பிரான்ஸை அமெரிக்காவின் பக்கம் கொண்டுவந்தது. காங்கிரஸ் கொடுத்த தங்கப் பதக்கமோ கேட்ஸுக்குப் போனது.

சரி, இதைச் சொன்னால் "பாவம், அவமானப்படுத்தித் துரத்திவிட்டார்கள்" என்று பலர் அடுத்த முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். உங்கள் கட்டுரை ஒரு பக்கம் சாய்ந்தது என்றால் இது இன்னொரு பக்கம். தேதிகளைப் பாருங்கள். பிலடெல்பியாவின் ராணுவ ஆளுநராக இருந்தபோது அரசாங்க வண்டிகளில் சொந்தச் சரக்கை ஏற்றினார் என்பது உட்படப் பல புகார்கள் அவர் மேல் வந்தன. ராணுவ நீதிமன்றம் விசாரித்து, மற்றவற்றில் விடுவித்து, இரண்டு சின்னக் குற்றங்களை மட்டும் உறுதி செய்தது 1780 ஜனவரியில். வாஷிங்டன் அவரைக் கண்டித்தது ஏப்ரலில். அந்தக் கண்டனம்தான் அவரை உடைத்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர் ஆள் மூலமாகப் பிரிட்டிஷ் அதிகாரி ஆந்த்ரேவுக்குத் தூது விட்டது 1779 மே மாதம், விசாரணையே தொடங்காத காலம். அதே மே மாதம்தான் வாஷிங்டனுக்கும், நாட்டுக்காக நொண்டியானவனுக்கு இதுதானா கைம்மாறு என்ற தொனியில் மனம் வெதும்பிக் கடிதம் எழுதினார். அந்தத் தூதும் இந்தக் கடிதமும் ஒரே மாதத்தில் போயிருக்கின்றன. இதைப் படித்த ராத்திரி எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மனைவி பெக்கி ஷிப்பனைப் பற்றி. அவருக்கும் இதில் பங்கு இருந்தது, பிரிட்டிஷ் தளபதி கிளின்டனின் காகிதங்கள் 20-ஆம் நூற்றாண்டில் ஆராயப்பட்ட பிறகு அதில் சந்தேகம் கிடையாது. ஆனால் கல்யாணத்தின்போது பெண்ணுக்கு வயது 18, இவருக்கு 38. போரில் குதிரை செத்து விழுந்தும் அசராத ஒரு ஜெனரலைப் பெண்டாட்டி கெடுத்துவிட்டாள் என்பது எந்த ஊரிலும் எப்போதும் சொல்லப்படுவதுதான், தயவுசெய்து நாமும் அதையே சொல்ல வேண்டாம்.

என் எண்ணம் இதுதான். ஆர்னால்ட் ஒரு கட்டத்தில் தேசத்தைத் தனக்குப் பாக்கி வைத்திருக்கும் கடன்காரனாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கியூபெக் படையெடுப்பில் தன் கைக்காசையும் போட்டிருந்தார், பின்வாங்கும்போது கணக்குச் சீட்டுகள் பல தொலைந்துபோயின, கடைசியில் காங்கிரஸ் கணக்குப் பார்த்து "நீதான் எங்களுக்குப் பாக்கி" என்றது. வியாபாரி மனசு அது. கால் போனதற்கு இவ்வளவு, பதவி தராததற்கு இவ்வளவு என்று உள்ளுக்குள் ஒரு நோட்டு ஓடியிருக்க வேண்டும். கடன்காரன் தரவில்லை என்றால் அவன் சொத்தை எடுத்து விற்பதில் தப்பு தெரியாது. பணம் அந்த நோட்டின் கடைசி வரி, முதல் வரி இல்லை.

இதற்கு நான் சாட்சியாக நினைப்பது 1780 ஜூலை கடைசியில் நடந்தது. வாஷிங்டன் அவரைக் கூப்பிட்டு, படையின் இடது அணிக்குத் தலைமை ஏற்கச் சொன்னார். அது கௌரவமான பொறுப்பு, மூன்று வருடம் முன்பு கிடைத்திருந்தால் அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். ஆர்னால்டின் முகம் மாறிப்போனதாக வாஷிங்டனே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கால் சரியில்லை என்று சொல்லி வெஸ்ட் பாயிண்ட் கோட்டைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ஹட்சன் ஆற்றின் சாவி அந்தக் கோட்டை, அதற்கு அவர் கேட்டிருந்த விலை 20,000 பவுண்டு. பட்ட அவமானத்துக்கு மருந்து கைக்கு வந்தபோது அது அவருக்குத் தேவைப்படவில்லை. அதற்குள் பேரம் முடிந்திருந்தது.

செப்டம்பர் 23-ஆம் தேதி மூன்று சாதாரண மிலிஷியா (ஊர்ப்படை) ஆட்கள் ஆந்த்ரேவை மடக்கி, காலுறைக்குள் இருந்த கோட்டை விவரங்களை எடுத்தார்கள். ஆர்னால்ட் தப்பி எதிரியின் கப்பலில் ஏறினார். ஆந்த்ரே தூக்கில் தொங்கினார். ஆர்னால்டுக்குக் கிடைத்தது 6,000 பவுண்டுக்குச் சற்று மேல், அப்புறம் ஒரு பென்ஷன், பிரிகேடியர் பதவி. தப்பிய பிறகு, பிரான்ஸோடு சேர்ந்தது பிடிக்கவில்லை என்று அமெரிக்க மக்களுக்கு அறிக்கை விட்டார். அந்தக் கூட்டணியை உண்டாக்கிய சரடோகாவில் ரத்தம் சிந்தியவரே இதைச் சொன்னார்.

அவமானம் மட்டுமே காரணம் என்றால் ஜான் ஸ்டார்க் என்ன ஆனார்? அதே 1777 தொடக்கத்தில் அவரையும் தாண்டி வேறொருவரைப் பதவியில் ஏற்றினார்கள். கோபத்தில் ராஜினாமா செய்துவிட்டு நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய் வயலைப் பார்த்தார். ஆகஸ்டில் எதிரி பக்கத்தில் வந்ததும் ஊர்ப்படையைத் திரட்டி பென்னிங்டனில் ஜெயித்தார். டேனியல் மார்கன், ஆர்னால்டோடு அந்த மெய்ன் காட்டில் நடந்தவர், கியூபெக்கில் சிறைப்பட்டவர். அவரையும் 1779-இல் ஒதுக்கினார்கள், அவரும் வெறுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பினார். அடுத்த வருடம் கேம்டனில் அமெரிக்கப் படை நொறுங்கியது என்று கேட்டதும் கிளம்பி வந்துவிட்டார். 1781 ஜனவரி 17-ஆம் தேதி கௌபென்ஸில் பிரிட்டிஷ் படையை அடித்து நொறுக்கினார். அதே ஜனவரியின் முதல் வாரத்தில் ஆர்னால்ட் பிரிட்டிஷ் சீருடையில் ரிச்மண்டைக் கொளுத்திக்கொண்டிருந்தார். அது வர்ஜீனியா, மார்கனின் மாநிலம். ஒரே பசியைப் பசித்தவர்கள் இருவரும்.

கோபப்பட்டு வீட்டுக்குப் போவதற்கு ஒரு வழி எப்போதும் திறந்தே இருந்தது. ஆர்னால்டுக்கும்தான்.

சரடோகா போர்க்களத்தில் அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது, ஒரு பூட்ஸ் செதுக்கியது, பெயர் கிடையாது. அந்தக் காலுக்கு மட்டும் மரியாதை. கட்டுரையில் அதன் படத்தைப் போட்டிருந்தீர்கள், நன்றி. ஆனால் 1781 செப்டம்பர் 6-ஆம் தேதியைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்று அவர் தலைமையில் வந்த பிரிட்டிஷ் படை நியூ லண்டன் துறைமுகத்தை எரித்தது. எதிர்க்கரையில் கிரிஸ்வோல்டு கோட்டையில் 80-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் சுற்றுவட்டாரத்து விவசாயிகள், அக்கம்பக்கத்து ஆட்கள். ஆர்னால்ட் பிறந்த நார்விச் அதே ஆற்றின் மேல்பக்கம், ஒரு நாள் நடை தூரம்கூட இல்லை. அடுத்த முறை இந்தக் கதையைப் போடும்போது அவர்களையும், ஸ்டார்க்கையும் மார்கனையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ராணுவ கிளார்க்,
குடியாத்தம்.