எங்கள் மகளுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எங்கள் மூத்த மகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்றதும் வீட்டில் யாருக்கும் கை கால் ஓடவில்லை. கடவுள் புண்ணியத்தில் கடுமையான சிகிச்சைக் கட்டம் முடிந்துவிட்டது. இனி வீட்டிலிருந்தே மாத்திரை, இடைக்கிடை கிளினிக். இப்போதாவது நன்றி சொல்லாவிட்டால் எங்களுக்கு மனம் ஆறாது.

மஹரகம அபேக்ஷா மருத்துவமனை டொக்டர்மாருக்கும் தாதியருக்கும் முதல் நன்றி. எலும்பு மச்சைப் பரிசோதனை, கீமோ, முதுகில் போடும் ஊசி எல்லாமே இலவசமாகக் கிடைத்தன. குத்திக் குத்திக் கை கன்றி, நாளம் பிடிபடாத ஒரு நாள், தாதி மிஸ் ஒருவர் வெந்நீர்த் துணியை அவள் கையில் சுற்றி, "பய வெண்ட எபா, துவே" (பயப்படாதே, மகளே) என்று சிங்களத்தில் சொல்லி, நாளம் எழும்பும்வரை பக்கத்திலேயே இருந்தார். அவரை மறக்க மாட்டோம்.

அப்புறம் இரத்தம் கொடுத்தவர்கள். கீமோ மருந்து புற்றுநோய் அணுக்களை அழிக்கும்போது மச்சையில் ஊறும் நல்ல அணுக்களும் குறைந்துபோகும். இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்த நாட்களில் பல் துலக்கினாலே ஈறில் இரத்தம் கசியும். தானமாகக் கிடைக்கும் பிளேட்லெட்டை எடுத்து வைத்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும், யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரை வருடப்பிறப்பு லீவில் கொழும்பே வெறிச்சோடிக் கிடந்தபோது, ஊர்ப் பயணத்தைத் தள்ளிவைத்து நாரஹேன்பிட்டி இரத்த வங்கிக்குப் போன தம்பிமாரே, உங்களில் பலரின் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. கட்டிலுக்கு மேல் தொங்கிய அந்த மஞ்சள் பிளேட்லெட் பையைக் கும்பிட்டுத்தான் உங்களுக்கு நன்றி சொன்னோம்.

மேல்மாடி மாமி, வெள்ளையணு குறைந்த பிள்ளைக்குப் பச்சையாக ஒன்றும் ஆகாது என்று கேட்டறிந்து, விடியவே இடியப்பமும் சொதியும் சுடச்சுடச் செய்து தந்தீர்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மா, வாட்டு நடைமுறை ஒவ்வொன்றையும் எங்களுக்குப் பொறுமையாகச் சிங்களத்தில் சொல்லித் தந்தார். வகுப்புத் தோழிகளே, முடி கொட்டியபின் வீடியோ கோலுக்கு வர மறுத்தவளிடம் "சரி, கமராவை ஓஃப் பண்ணிட்டுக் கதை" என்றீர்களே, அன்றைக்குத்தான் அவள் சிரித்த சத்தம் மறுபடி கேட்டது!

18 வயது தாண்டி, உடம்பு சுகமாக உள்ளவர்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம் கொடுக்கலாம். முடிந்தவர்கள் போய்க் கொடுங்கள். மகளைப் பார்க்கவும் தாராளமாக வாருங்கள், அவளும் ஆவலாக இருக்கிறாள். தடிமன், காய்ச்சல் உள்ளவர்கள் மட்டும் சுகமானபின் வாருங்கள், குறை நினைக்க வேண்டாம்.

நன்றியுடன்,
பெற்றோர், வெள்ளவத்தை